பத்தாயிரம் ரூபாயை எதில் போடுவது? ஒரு கிரைண்டர் கடையின் கணக்கு

கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்தில் என் மைத்துனன் கிரைண்டர் கடை வைத்திருக்கிறான். முன்பக்கம் விற்பனைக்கு டேபிள் டாப், டில்டிங், ஹோட்டல்காரர்களுக்கான பெரிய கிரைண்டர்கள். பின்பக்கம் சர்வீஸ்: கல் கொத்துவது, பெல்ட் மாற்றுவது, மோட்டாருக்குக் காயில் கட்டுவது. கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு எல்லாம் உண்டு. ஆனால் அந்தப் பெருமை எல்லாக் கடைக்கும் பொது. அந்த வட்டாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் இன்னொரு கிரைண்டர் கடையின் ஷட்டரில்தான் போய் விழும்.

தீபாவளி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டான். "ஏனுங்க மாமா, மாசம் பத்தாயிரம் ஆன்லைன் விளம்பரத்துக்குன்னு ஒதுக்கலாம்னு இருக்கேன். எதுல போடறது?"

அவன் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அந்த வாரத்தில் மட்டும் மூன்று பேர் அவனைப் பிடித்திருந்தார்கள். ஒருவர் வெப்சைட் பேக்கேஜ் விற்பவர். இன்னொருவர் கடை விவரங்களைத் தொகுத்துத் தரும் ஆன்லைன் டைரக்டரிக்கு வருடச் சந்தா கேட்டவர். மூன்றாமவர் ரீல்ஸ் எடுத்துத் தருகிறேன் என்றவர். மூவருமே மற்ற இரண்டும் வேஸ்ட் என்று சொல்லியிருக்கிறார்கள். சின்னக் கடைகளுக்கு இந்த வேலைகளைச் செய்து கொடுத்துத்தான் எனக்குப் பிழைப்பு. ஆகவே என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும் என்று எதிர்பார்த்தான். நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைக்கச் சொன்னேன்.

பில் புத்தகத்துக்குப் பக்கத்தில் அந்த நோட்டு. போன் வந்தாலும் சரி, ஆள் வந்தாலும் சரி, "எங்க பாத்துட்டு வந்தீங்க?" என்று கேட்டு ஒரு வரி எழுத வேண்டும். கூடவே எதற்காக வந்தார் என்பதும்: ரிப்பேரா, புதுசு வாங்கவா. மூன்று வாரம் எழுதினால் போதும் என்றேன்.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது பக்கமெல்லாம் கிரீஸ் கறை. அவன் கையெழுத்தும் கடைப் பையன் கையெழுத்தும் மாறி மாறி வந்தன. "மேப்." "பழைய கஸ்டமர்." "போர்டு பாத்து." "சம்பந்தி வீட்ல சொன்னாங்க." "மேப்." "கூகுள்ங்கறாங்க, எதுன்னு தெரில." நான் தேடியது எண்ணிக்கையை அல்ல. எந்த வரிக்குப் பக்கத்தில் ரிப்பேர் என்று இருக்கிறது, எதற்குப் பக்கத்தில் புதுசு என்று இருக்கிறது என்பதைத்தான் பார்த்தேன். "மேப்" என்ற வரிகளுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ரிப்பேர். புதுசு வாங்க வந்தவர்களில் பாதிப்பேருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், மீதிப் பேர் போர்டு பார்த்து நின்றவர்கள்.

அதாவது ஒரே ஷட்டருக்குள் இரண்டு வியாபாரம் நடக்கிறது. ரிப்பேருக்கு வருகிறவர் அவசரக்காரர். உளுந்து பாதி அரைந்திருக்கும்போது கிரைண்டர் நின்றுவிட்டது, அரிசி தண்ணீரில் ஊறிக் கிடக்கிறது. கையில் போனை எடுத்துப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தேடி, முதல் மூன்று பேரில் யார் போனை எடுக்கிறார்களோ அவரிடம் போய்விடுவார். புதுசு வாங்குகிறவருக்கு அவசரமே கிடையாது. பத்து நாள் யோசிப்பார், நாலு கடை ஏறி இறங்குவார், கடைசியில் மாமியார் சொல்வதை வாங்குவார். முன்னவர் தேடி வருகிறவர், பின்னவர் நாம் போய்க் கண்ணில் பட வேண்டியவர். எந்த விளம்பர வழியையும் எடை போடுவதற்கு முன்னால் அது இந்த இருவரில் யாரைக் கூட்டி வரும் என்று கேட்டுவிட்டால், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மேப் லிஸ்டிங்: காசு இல்லை, ஆனால் வேலை உண்டு

கூகுள் மேப்பில் கடையைப் பதிவதற்குப் பைசா செலவில்லை. 2014-இல் கூகுள் மை பிசினஸ் என்ற பெயரில் வந்தது, 2021 முதல் கூகுள் பிசினஸ் ப்ரொபைல். மேப்பில் யாரை மேலே காட்டுவது என்பதற்குக் கூகுள் சொல்லும் காரணங்கள் மூன்று: தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவருக்கும் கடைக்கும் உள்ள தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. காசு கொடுத்து இந்த வரிசையில் மேலே ஏற முடியாது என்றும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். "கூகுளில் இருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் லிஸ்டிங் போய்விடும்" என்று யாராவது போன் செய்தால் பேச்சை வளர்க்காமல் வைத்துவிடலாம். என் மைத்துனனுக்கே அப்படி இரண்டு முறை வந்திருக்கிறது.

அவனுடைய லிஸ்டிங்கை யாரோ நண்பர் எப்போதோ போட்டுக் கொடுத்தது. திறந்து பார்த்தேன். கடைப் பெயருக்குப் பின்னால் "பெஸ்ட் கிரைண்டர் சேல்ஸ் சர்வீஸ் ரிப்பேர் கோயம்புத்தூர்" என்று ஒரு வால். இது தேடலில் மேலே வருவதற்கான பழைய தந்திரம். கொஞ்ச நாள் வேலையும் செய்யும். ஆனால் கடையின் போர்டில் என்ன பெயர் இருக்கிறதோ அதுவே லிஸ்டிங்கிலும் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. போட்டிக் கடைக்காரர் ஒருவர் புகார் கொடுத்தால் லிஸ்டிங்கே முடங்கிப்போகலாம். அது தீபாவளிக்கு முந்தின வாரத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று சொன்னேன். வாலை வெட்டிவிட்டோம்.

அடுத்தது வகை. முதன்மை வகை ஒன்று, கூடுதலாக ஒன்பது வரை வைக்கலாம். அவனுடையது வெறும் "கடை" போல ஏதோ பொதுவான வகையில் கிடந்தது. நோட்டு சொன்னதை வைத்து வீட்டு உபயோகப் பொருள் பழுதுபார்ப்பை முதலில் வைத்தோம், விற்பனை வகை இரண்டாவது. இந்த ஒரு மாற்றம் பத்துப் போட்டோ போடுவதைவிடப் பெரியது என்பது என் அனுபவம்.

பிறகு பின். மேப்பில் சிவப்புக் குறி கடைக்குப் பின்தெருவில் ஒரு காம்பவுண்டுச் சுவரின் மேல் நின்றுகொண்டிருந்தது. கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருகிறவர் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று போன் செய்வார், இவன் "அப்படியே சுத்தி முன்னாடி வாங்க" என்பான். இரண்டு வருஷமாக இப்படித்தான். பின்னை நகர்த்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ரிவ்யூ விஷயத்தில் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன்: ரிவ்யூ போட்டால் பெல்ட் இலவசம், பத்து சதவீதம் தள்ளுபடி என்று எதுவும் வேண்டாம். காசோ பொருளோ கொடுத்து ரிவ்யூ வாங்குவது கூகுள் விதிக்கு எதிர். ஆன்லைன் ரிவ்யூக்களுக்கு என்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐ.எஸ். 19000 என்று ஒரு தரநிலையும் கொண்டுவந்திருக்கிறது. சும்மா கேட்டாலே போடுவார்கள், கேட்கிற நேரம்தான் முக்கியம். சரி செய்த கிரைண்டரை அங்கேயே ஓடவிட்டுக் காட்டி, அந்த அம்மா முகத்தில் நிம்மதி வரும்போது க்யூஆர் கோடு அட்டையை நீட்ட வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு வாட்ஸாப்பில் அனுப்பும் லிங்க்கை யாரும் தொடுவதில்லை.

ஒற்றை ஸ்டார் ஒன்றும் இருந்தது. "பெல்ட் மாத்தி ஒரு மாசத்துல அறுந்து போச்சு" என்று ஒருவர். பதில் போடாமல் விட்டிருந்தான். கேட்டால், "அது நம்ம பெல்ட்டே இல்லீங்க மாமா" என்று கோபம். அந்தக் கோபத்தை எழுத வேண்டாம், பில்லோடு கொண்டு வந்தால் மாற்றித் தருகிறோம் என்று இரண்டு வரி எழுது என்றேன். அந்தப் பதிலைப் படிக்கப் போகிறவர் அறுந்த பெல்ட்காரர் இல்லை, நாளைக்குத் தேடப் போகிறவர்.

மேப்பின் பலவீனம் தூரம்தான். துடியலூரில் இருந்து தேடுபவருக்குத் துடியலூர்க் கடைதான் முதலில் வரும். வீட்டுக்கே போய் சர்வீஸ் செய்வதாக இருந்தால் இருபது ஏரியா வரை லிஸ்டிங்கில் சேர்க்கலாம். ஆனால் பெயரைச் சேர்த்ததாலேயே அந்த ஏரியாவில் மேலே வந்துவிடுவோம் என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. ஆவாரம்பாளையம், பீளமேடு, கணபதி வரை மேப் போதும். அதற்கு அப்பால் கைக்காசு போட்டாக வேண்டும்.

கூகுள் விளம்பரம்: திறந்தால் தண்ணீர், மூடினால் காற்று

தேடல் முடிவுகளுக்கு மேலே "ஸ்பான்சர்டு" என்று வருகிறதே, அது. ஒருவர் தேடும் அந்தக் கணத்தில் ஏலம் நடக்கும். நீங்கள் சொன்ன விலை, விளம்பரத்தின் தரம், போய்ச் சேரும் பக்கம் எல்லாம் சேர்ந்து இடம் முடிவாகும். கிளிக் ஆனால்தான் காசு. அவசரக்காரரைப் பிடிக்க மேப்புக்கு அடுத்து இதைவிட நேரான வழி கிடையாது. விளம்பரத்தோடு போன் எண்ணையும் இணைத்துவிட்டால் கடைக்கு நேரே அழைப்பு வரும்.

ஆனால் பணம் கரைவதும் இங்கேதான் வேகமாக. கிரைண்டர் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வேறு ஊராக இருந்தால் அது மாவரைக்கும் கிரைண்டராக இருக்கலாம். கோயம்புத்தூர் பட்டறைகளின் ஊர். இங்கே கிரைண்டர் என்று தேடுகிறவர்களில் இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டர் தேடுகிறவர் உண்டு, சர்ஃபேஸ் கிரைண்டர் தேடும் ஒர்க்‌ஷாப்காரர் உண்டு, கிரைண்டர் ஆபரேட்டர் வேலை தேடும் பையன் உண்டு. காபிக்கொட்டை அரைப்பவரும் உண்டு. கீவேர்டை, அதாவது எந்தத் தேடல் சொல்லுக்கு விளம்பரம் வர வேண்டும் என்பதை, அகலத் திறந்துவிட்டால் இவர்கள் எல்லோருடைய கிளிக்குக்கும் நம் பணம்தான் போகும். அதனால் எந்தச் சொல்லுக்கு விளம்பரம் வரக்கூடாது என்ற விலக்குப் பட்டியலை முதல் நாளே எழுதிவிட வேண்டும்: ஆங்கிள், கட்டிங், சர்ஃபேஸ், காபி, வேலை, சம்பளம், செகண்ட் ஹேண்ட், மிக்ஸி. அதற்கப்புறம் வாரம் ஒருமுறை உண்மையில் என்ன தேடி வந்தார்கள் என்ற பட்டியலைத் திறந்து, இன்னும் நாலு சொல்லை விலக்க வேண்டும். இந்த வேலைக்குச் சோம்பல்படுகிறவர் கூகுள் விளம்பரம் பக்கம் வராமல் இருப்பதே நல்லது.

இன்னொரு கண்ணி இடம். கோயம்புத்தூர் என்று தேர்ந்தெடுத்தாலும், ஊரில் இருப்பவர்களோடு, ஊர்மேல் ஆர்வம் காட்டுகிறவர்களையும் சேர்த்துத்தான் அமைப்பு இருக்கும். சென்னையில் உட்கார்ந்து கோயம்புத்தூர் கிரைண்டர் விலை பார்ப்பவர் கல் கொத்த இங்கே வரப்போவதில்லை. ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிட வேண்டும். காலை ஏழு முதல் இரவு எட்டு வரை மட்டும் ஓட வைக்கலாம். போனை எடுக்க ஆள் இல்லாத நேரத்தில் விளம்பரம் ஓடுவது, கடையைப் பூட்டிவிட்டு வாசலில் ஆளை நிறுத்திக் கூவச் சொல்வது மாதிரி.

கணக்குக்கு வருவோம். நாளுக்கு 200 ரூபாய் என்று வைத்தால், சில நாள் அதற்கு இரண்டு மடங்கு வரை செலவாகும், பயப்பட வேண்டாம். மாதத்துக்கு 30.4 நாள் கணக்கில்தான் உச்சவரம்பு. அதாவது 6,080 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., சுமார் 1,094. மொத்தம் 7,174. நிறையக் கடைக்காரர்கள் இந்த ஜி.எஸ்.டி.யை மறந்துவிட்டுத்தான் திட்டம் போடுகிறார்கள்.

இது லாபமா நட்டமா என்பதை ஓர் உதாரணத்தால் பார்க்கலாம். ஒரு கிளிக் 15 ரூபாய் ஆகிறது, பத்துக் கிளிக்கில் ஒருவர் கிரைண்டரோடு வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாடிக்கையாளருக்கு 150 ரூபாய். கல் கொத்தி, பெல்ட் மாற்றி, கூலி போகக் கடைக்கு 300 ரூபாய் நின்றால் சரி, ஓட்டலாம். கிளிக் 40 ரூபாய்க்குப் போனால் ஒருவருக்கு 400. அப்போது ரிப்பேருக்கு விளம்பரம் போடுவது நட்டம். அதே 400 ஒரு புதுக் கிரைண்டர் விற்பனைக்கு என்றால் தாங்கும். ஆகவே ஒரு கிளிக் என்ன விலை என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான். ஒரு வேலையில் நமக்கு என்ன மிஞ்சும் என்பதும் கையில் இருக்க வேண்டும். என் மைத்துனனிடம் இதைக் கேட்டபோது கால்மணி நேரம் பில் புத்தகத்தைப் புரட்டினான்.

டைரக்டரிகள்

1996-இல் போனில் கடை விவரம் சொல்லும் சேவையாகத் தொடங்கியது ஜஸ்ட் டயல். 2021-இல் அதன் பெரும்பங்கை ரிலையன்ஸ் ரீடெய்ல் வாங்கியது. அதே 1996-இல் வந்த இந்தியாமார்ட் மொத்த வியாபாரிகளுக்கானது. இந்த மாதிரித் தளங்களில் பொதுவாக ஒரே விசாரணை பல கடைகளுக்குப் போகும். யார் முதலில் போன் செய்கிறாரோ, யார் குறைத்துச் சொல்கிறாரோ அவருக்கு ஆர்டர். போனை உடனே எடுத்துப் பேசத் தனியாக ஆள் வைத்திருக்கிற கடைக்கு இது ஒத்துவரும். கிரீஸ் கையோடு மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருப்பவனுக்கு ஒத்துவராது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஹாஸ்டல், ஹோட்டல், கல்யாண மண்டபத்துக்குப் பெரிய டில்டிங் கிரைண்டர் விற்க வேண்டுமென்றால் மொத்த வியாபாரத் தளம் மேப்பைவிட நல்லது. ஓர் ஆர்டர் கிடைத்தாலே மாதச் செலவு வந்துவிடும், தூரமும் தடை இல்லை. ஆனால் சந்தாவைத் தானியங்கிப் பிடித்தத்தில் கட்ட வேண்டாம். என்னிடம் வேலை கொடுத்த ஒரு கடைக்காரர் ஏதோ ஒரு டைரக்டரிக்கு வருடச் சந்தாவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டாம் மாதமே வேண்டாம் என்று சொல்லியும் வங்கியிலிருந்து பணம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் வங்கிக்கு எழுதிக் கொடுத்து நிறுத்தினார்.

ரீல்ஸும் யூடியூப்பும்

டிக்டாக் தடையான சில நாளில், 2020 ஜூலையில், இந்தியாவுக்கு ரீல்ஸ் வந்தது. அன்றிலிருந்து கடைக்காரர்கள் எல்லோரும் நடிகர்கள்தான். என் மைத்துனன் கடைப் பையன் கல் கொத்துவதை ஒரு ரீலாகப் போட்டான். உளி விழும் சத்தம், பறக்கும் கல்தூசி, வேறொன்றும் இல்லை. அதற்கு வந்த வரவேற்பு அவனுக்கே ஆச்சரியம். "தூங்கறதுக்கு முன்னாடி இதான் பார்ப்பேன் அண்ணா" என்று ஒருவர் கமெண்ட். மதுரை, திருநெல்வேலி, மலேசியா என்று எங்கிருந்தோ ஹார்ட்டு விட்டார்கள். கல் கொத்த ஒருவரும் வரவில்லை. அவசரக்காரர் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டார் என்பதுதான் விஷயம்.

ஆனால் நிதானமாக வாங்குகிறவர் பார்ப்பார். இரண்டு கல் வைத்ததா, மூன்று கல் வைத்ததா, எது வாங்கலாம் என்று இரண்டு கிரைண்டரிலும் ஒரே அளவு உளுந்து போட்டு, பொங்கி வருவதைப் பாத்திரத்தில் காட்டினால் போதும். அந்த மாதிரி வீடியோவை அக்காவுக்கு அனுப்புவார்கள், அக்கா மாமியாருக்கு அனுப்புவார். அதற்குக் கொஞ்சம் காசு போடுவதானால், போஸ்ட்டின் அடியில் இருக்கும் பூஸ்ட் பட்டனை அவசரத்தில் அமுக்காமல், ஆட்ஸ் மேனேஜர் என்ற விளம்பர மேலாண்மைப் பக்கத்தில் போய் கடையைச் சுற்றி எத்தனை கிலோமீட்டர் என்று வரையறுத்துப் போடலாம்.

யூடியூப்பை இதோடு சேர்த்துப் பேசுவார்கள். எனக்கு அது வேறு சாதி. ரீல் சில நாளில் அடங்கிவிடும். யூடியூப்பில் "கிரைண்டர் பெல்ட் எப்படி மாற்றுவது" என்று ஒரு வீடியோ போட்டால் அது வருடக்கணக்கில் தேடலில் வந்துகொண்டே இருக்கும். தானே மாற்றிக்கொள்ள வழி சொல்லிக் கொடுத்தால் வியாபாரம் போய்விடாதா என்று கேட்டான். பார்க்கிறவர்களில் பலர் திருகாணியைக் கழற்றும் இடத்திலேயே பயந்து, வீடியோவில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்துவிடுவார்கள்.

வெப்சைட்டும் எஸ்.இ.ஓ.வும்

வெப்சைட் விற்க வந்தவர் பத்துப் பக்கம், அனிமேஷன், பிளாக், மாதாமாதம் எஸ்.இ.ஓ. (தேடலில் பக்கத்தை மேலே கொண்டுவரும் வேலை) என்று ஒரு பெரிய தொகையைச் சொல்லியிருந்தார். கிரைண்டர் கடைக்கு இப்போதைக்கு ஒரே ஒரு பக்கம் போதும். கடைப் பெயர், போன் எண், வழி, என்னென்ன வேலை, என்ன கூலி. போனில் சட்டென்று திறக்க வேண்டும், எண்ணைத் தொட்டால் அழைப்பு போக வேண்டும்.

அப்படியானால் வெப்சைட்டே வேண்டாமா என்றால், வேண்டும். பிசினஸ் ப்ரொபைலோடு கூகுள் இலவசமாக ஒரு குட்டி வெப்சைட் கொடுத்துக்கொண்டிருந்தது. 2024 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டது. அதையே நம்பி விசிட்டிங் கார்டில் முகவரி அச்சடித்தவர்கள் இருக்கிறார்கள். அதே வருடம் ஜூலையோடு ப்ரொபைலில் இருந்த சாட் வசதியும் போனது. மற்ற எல்லாமே வாடகை வீடு. டொமைன், அதாவது நம் சொந்த இணைய முகவரி, ஒன்றுதான் வருடத்துக்குச் சொற்பக் காசில் நம் பெயரில் இருக்கும் மனை. அதை மட்டும் இன்றைக்கே பதிந்து வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

பக்கங்களைக் கூட்டுவதானால் மெதுவாகக் கூட்டலாம், வாடிக்கையாளர் உண்மையில் கேட்கும் கேள்விக்கு ஒரு பக்கம் வீதம். கல் எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை கொத்த வேண்டும்? மாவு சூடாகிறதே ஏன்? தமிழில் எழுதலாம். பலர் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள், சிலர் மைக்கை அமுக்கித் தமிழில் பேசுகிறார்கள். ஆகவே தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்து இரண்டிலும் அந்தச் சொற்கள் பக்கத்தில் இயல்பாக வர வேண்டும். ஆனால் பலன் அடுத்த வாரம் வராது. எஸ்.இ.ஓ. வேலைக்கு நாலு மாதம் முதல் ஒரு வருஷம் ஆகும் என்று கூகுளே சொல்கிறது. முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்றும் அதே கூகுள் சொல்கிறது. வெப்சைட்காரரின் காகிதத்தில் "முதல் பக்கம் உறுதி" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே "மெட்டா கீவேர்டு 50" என்று ஒரு வரி வேறு. பக்கத்தின் கோடுக்குள் பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாமல் எழுதி வைக்கும் அந்த மெட்டா கீவேர்டைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் அறிவித்தது 2009-இல்.

யாரை வேலைக்கு வைத்தாலும் ஒன்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது. லிஸ்டிங், விளம்பரக் கணக்கு, டொமைன் மூன்றும் கடைக்காரரின் சொந்த இமெயிலில் இருக்க வேண்டும். வேலை செய்பவருக்கு மேலாளர் அனுமதி கொடுத்தால் போதும். ஒரு பேக்கரிக்காரரின் லிஸ்டிங்கை அவருடைய ஏஜென்சி தன் ஜிமெயிலில் வைத்திருந்தது. காசு தகராறில் பிரிந்த மறுநாள் மேப்பில் பேக்கரியின் எண் மாறிவிட்டது. கிறிஸ்துமஸ் கேக் ஆர்டர் எடுக்கும் நேரம். மீட்டெடுப்பதற்குள் அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

வாட்ஸாப்

2018-இல் வந்த வாட்ஸாப் பிசினஸ் புது ஆளைக் கொண்டு வராது. வந்த ஆளைத் தக்க வைக்கும். கேட்லாகில் கிரைண்டர்களை விலையோடு போட்டுவிட்டால், "ரேட் அனுப்புங்க" என்பவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம். சாதாரண பிராட்காஸ்ட் செய்தி நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். அதனால் பில் போடும்போதே "நம்ம நம்பரைக் கடைப் பேர்ல போட்டு வச்சுக்கங்க" என்று சொல்ல வேண்டும்.

பத்தாயிரம்

சரி, பணத்தைப் பிரிக்கலாம் என்று உட்கார்ந்தோம். மேப்புக்குக் காசு இல்லை, வாரத்தில் ஒரு மணி நேரம். கூகுள் விளம்பரத்துக்கு நாளுக்கு 200, ஜி.எஸ்.டி.யோடு 7,174. மேப் எட்டாத துடியலூர், சரவணம்பட்டி, சிங்காநல்லூர்ப் பக்கம் மட்டும், ரிப்பேர் சொற்களுக்கு மட்டும். இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்து, நோட்டில் அதன் வரிகள் வரவில்லை என்றால் நிறுத்திவிடுவது. டைரக்டரி இப்போதைக்கு வேண்டாம். ரீல்ஸைப் பையனே எடுக்கட்டும், ஆனால் கல் கொத்துவதை விட்டுவிட்டு உளுந்தை எடுக்கட்டும். கடையில் பிசியான புரட்டாசி, ஐப்பசியில் விளம்பரத்தைக் குறைக்கலாம், வேலை மந்தமான மாதத்தில் கூட்டலாம். இவன் தீபாவளி நேரத்தில் கூட்டலாம் என்றான். அப்போது வருகிற கிரைண்டரையே வைக்க இடம் இல்லையே, கூட்டி என்ன செய்வது என்றேன்.

மீதி 2,826 ரூபாய். டொமைனுக்குக் கொஞ்சம் போக இன்னும் இருந்தது. மறுபடி நோட்டைப் புரட்டினேன். "போர்டு பாத்து", "போர்டு பாத்து." தெருவுக்கு வந்து போர்டை நிமிர்ந்து பார்த்தோம். வெயிலில் வெளுத்துப் போன பெயிண்ட். போன் எண்ணில் கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று எனக்கே தெரியவில்லை. கடைப் பெயரில் "அன் கோ" என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது, லிஸ்டிங்கில் அது இல்லை. லிஸ்டிங்கைச் சரிபார்க்கக் கூகுள் வீடியோ கேட்டால் தெருவில் இருந்து போர்டு வரை நடந்து காட்ட வேண்டியிருக்குமே.

அடுத்த செவ்வாய்க்கிழமை பெயிண்டர் ஏணி போட்டார். மைத்துனன் லிஸ்டிங்கைப் போனில் திறந்து கீழே இருந்தபடியே காட்டினான். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இதுல இருக்கற மாதிரியே எழுதோணுமுங்களா?"

"ஆமாங்ண்ணா, ஒரு எழுத்து மாறக்கூடாது. நம்பரை மட்டும் பெருசாப் போடுங்க."